கல்லூரி மல்யுத்த அணி மாறும் முன்: அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோருக்கு ஒரு கையேடு

நம் வாட்ஸாப் குழுக்களில் ஸ்பெல்லிங் பீ, ராபாட்டிக்ஸ், எஸ்.ஏ.டி. பற்றிக் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில்கள் குவியும். கல்லூரி மல்யுத்தம் என்று கேட்டுப் பாருங்கள். "டிவியில நாற்காலியால அடிச்சுக்குவாங்களே, அதா?" என்பார் ஒருவர், அத்தோடு சரி. என் மகன் ஒரு முதல் டிவிஷன் அணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய வசந்த காலத்தில் ஒவ்வொரு விஷயத்தையும் நாங்களே முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உயர்மட்டப் பிரிவான முதல் டிவிஷனை மனத்தில் வைத்து எழுதியது இது. விதிகள் வருடா வருடம் மாறுகின்றன. எந்தத் தேதியையும் தொகையையும் உங்கள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் எடைப்பிரிவைப் பாருங்கள், பல்கலைக்கழகத்தை அப்புறம் பார்க்கலாம்

மாறுவதா வேண்டாமா என்பதற்கான பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். அதனால் இதற்கு நிறைய நேரம் கொடுங்கள்.

கல்லூரி மல்யுத்தத்தில் பத்து எடைப்பிரிவுகள்: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 பவுண்டு. ஒரு பிரிவுக்கு ஓர் அணியிலிருந்து ஒருவர்தான் களத்தில் இறங்க முடியும். கூடைப்பந்து போல, கொஞ்ச நேரம் இவன், கொஞ்ச நேரம் அவன் என்ற பேச்சே கிடையாது. உங்கள் பிள்ளை முதல் ஆள் இல்லை என்றால், மார்ச் மாதப் போட்டிகளை மேலே கேலரியில் உட்கார்ந்துதான் பார்ப்பான்.

எனவே "நல்ல டீமா?" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். 157 பவுண்டு பையன் என்றால், அந்த அணியில் 157-ல் இப்போது யார் இறங்குகிறார், அவருக்கு இன்னும் எத்தனை சீசன் மீதம், ரெட்ஷர்ட்டில், அதாவது அணிக்காக இறக்காமல் ஒரு வருடம், உட்கார வைத்திருக்கும் புதுப் பையன் யார், அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வருபவர்களில் அந்த எடைக்காரர் உண்டா என்று தேடுங்கள். அதோடு நிற்காமல் 149, 165 இரண்டையும் பாருங்கள். கோடையில் உடம்பு ஏறி 149 பையன் 157-க்கு வருவது சர்வ சாதாரணம். ரெஸில்ஸ்டாட் தளத்தில் அணி வாரியாக, எடை வாரியாக, யார் யாரிடம் தோற்றார் என்பது வரை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் மூன்று நான்கு அணிகளை அலசிவிடலாம்.

மாறினால் மேலே வரலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2025-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த தேசியப் போட்டியில் பட்டம் வென்ற பத்துப் பேரில் நான்கு பேர் வேறு அணியிலிருந்து மாறி வந்தவர்கள். கால் பாப்டிஸ்டிலிருந்து பென் ஸ்டேட் போன மிட்செல் மெசன்பிரிங்க், விஸ்கான்சினிலிருந்து ஓக்லஹோமா ஸ்டேட் போன டீன் ஹமிட்டி, வயோமிங், ஓக்லஹோமா என்று இரண்டு இடம் இருந்துவிட்டு அயோவா போன ஸ்டீபன் புக்கானன், ஏர் ஃபோர்ஸிலிருந்து ஓக்லஹோமா ஸ்டேட் போன வயட் ஹெண்ட்ரிக்சன். ஹெண்ட்ரிக்சன் இறுதிப் போட்டியில் ஒலிம்பிக் சாம்பியன் கேபிள் ஸ்டீவ்சனையே 5-4 என்று வீழ்த்தினார்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் வரும் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். கடைசி மூவரும் பழைய அணியில் இருக்கும்போதே ஆல்-அமெரிக்கன், அதாவது தேசிய அளவில் முதல் எட்டுப் பேரில் வந்தவர்கள். ஏற்கெனவே கெட்டிக்காரர்களை இன்னும் நல்ல பயிற்சி மேலே கொண்டுபோனது. இரண்டாம் ஆளாக இருப்பவன் பெரிய அணிக்குப் போனால் பெரும்பாலும் மூன்றாம் ஆளாகத்தான் ஆவான்.

"அப்போ சின்ன கான்ஃபரன்ஸுக்குப் போனால் தேசியப் போட்டிக்குச் சுலபமாகத் தகுதி பெறலாமே" என்று தோன்றும். (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் குழு.) பாதிதான் உண்மை. ஒவ்வோர் எடையிலும் தேசியப் போட்டிக்கு 33 பேர். அதில் பெரும்பாலான இடங்களை கான்ஃபரன்ஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கான்ஃபரன்ஸுக்கு எத்தனை இடம் என்பது, அந்த சீசனில் அங்குள்ள பையன்களின் வெற்றி விகிதம், பயிற்சியாளர்களின் தரவரிசை போன்றவற்றை வைத்து எடைக்கு எடை முடிவாகும். பெரிய கான்ஃபரன்ஸான பிக் டென்னில் ஓர் எடைக்கு நிறைய இடம் கிடைக்கும்போது, சின்ன கான்ஃபரன்ஸில் அதே எடைக்கு ஒரே ஓர் இடம் இருக்கலாம். அப்போது கான்ஃபரன்ஸ் பட்டத்தையே வென்றாக வேண்டும். கடந்த இரண்டு வருடம் அந்த கான்ஃபரன்ஸில் உங்கள் எடைக்கு எத்தனை இடம் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அணியின் மொத்த எண்ணிக்கையைக் கேளுங்கள்

2025 ஜூலை முதல், ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் (மாணவ வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கு) சேர்ந்த பல்கலைக்கழகங்களில் மல்யுத்த அணிக்கு உச்ச வரம்பு 30 பேர். அந்த 30 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கக்கூட விதி இடம் தருகிறது. ஆனால் கொடுக்கும் அளவுக்குப் பணம் வைத்திருக்கும் இடங்கள் குறைவு. சமரசத்தில் சேராத பல்கலைக்கழகங்களுக்கு இந்த 30 இல்லை, பழையபடி மொத்த அணிக்கும் 9.9 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு.

நமக்கு இதில் கவலை என்னவென்றால், முன்பெல்லாம் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாக ஒட்டிக்கொண்டு இருக்கலாம். இப்போது முப்பதாவது ஆளாகச் சேர்ந்தவனை அடுத்த கோடையில் புதுப் பையன் ஒருவனுக்காக வெளியே அனுப்பிவிட முடியும். "நீங்கள் சமரசத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? அடுத்த வருடம் அணியில் எத்தனை பேர்?" இந்த இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

3. மீதமிருக்கும் வருடங்களும் கிரெடிட்டுகளும்

இப்போதைய கணக்கு, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன். ஒரே சீசனில் இரண்டு அணிகளுக்கு இறங்க முடியாது. எத்தனை முறை அணி மாறினாலும் உடனே போட்டியிடலாம் என்று 2024-ல் விதி தளர்ந்தது. ஆனால் படிப்பு சரியாக இருந்தால்தான். பழைய இடத்தை விட்டு வரும்போது படிப்பில் தகுதியோடு இருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம் 40-60-80. மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்துக்குத் தேவையானதில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80. கவனியுங்கள், இந்தச் சதவீதத்தைப் புதிய பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வைத்துத்தான் போடுவார்கள். பழைய இடத்தில் 62 கிரெடிட் முடித்தவனுக்குப் புதிய இடத்தில் 62-ம் ஏறிவிடலாம், ஆனால் அதில் 15 "பொது விருப்பப் பாடம்" என்ற கணக்கில் விழுந்துவிட்டால் 40 சதவீதத்துக்கு அது உதவாது.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், ப்ரீ-மெட். அடி விழுவது இங்கேதான். என் மகன் படித்த ஸ்டாட்டிக்ஸ் பாடத்தைப் புதிய இடத்தில் ஏற்கவில்லை. காரணம், பழைய கல்லூரியில் அது மூன்று கிரெடிட், இங்கே டைனமிக்ஸும் சேர்ந்து நான்கு. பாடத் திட்டத்தின் பி.டி.எஃப்., வாராந்திர அட்டவணை, புத்தகத்தின் பெயர், பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் துறைக்கு அனுப்பிய பிறகுதான் ஏற்றார்கள். ஆகவே முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அணி மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் சரி. பல்கலைக்கழகக் கணக்கு மூடிய பிறகு பாடங்கள் இருக்கும் கேன்வாஸ் தளத்தில் நுழைந்து எடுக்க முடியாது.

கோச்சிடம் கேட்க வேண்டியது: "அட்மிஷனுக்கு முன்பே அதிகாரபூர்வமற்ற கிரெடிட் மதிப்பீடு கிடைக்குமா?" பெரும்பாலான அணிகளின் அகடமிக் அட்வைசர் செய்து தருவார். இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைப்பதும் வேறு வேறு. "உள்ளே வந்த பிறகு மேஜர் மாற்றிக்கொள்ளலாம்" என்று கோச் சொன்னால், அந்தத் துறையிலேயே நேரடியாக விசாரியுங்கள். கோச்சுக்கு அந்தத் துறையில் எந்த அதிகாரமும் கிடையாது.

4. விசா இருந்தால் இங்கே ஒரு முறை நில்லுங்கள்

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எச்-4-ல், அதாவது எச்-1பி பெற்றோரைச் சார்ந்த விசாவில், இருக்கும் பிள்ளை படிக்கலாம், வேலை செய்து சம்பாதிக்க முடியாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் மாணவர் விசாவான எஃப்-1 அல்லது வேறு நிலைக்கு மாறியாக வேண்டும். அதற்கான ஐ-539 விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கும். அது நிலுவையில் இருக்கும்போது பல்கலைக்கழகமும் மாறினால், விண்ணப்பத்தில் சேர்த்த ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) பழைய இடத்தினுடையது ஆகிவிடும். இந்த இரண்டும் ஒரே கோடையில் வரும் என்றால், அணி மாறுவோரைப் பதியும் போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

ஏற்கெனவே எஃப்-1 என்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தளமான செவிஸில் பதிவை மாற்ற வேண்டும். பழைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் ஒரு ரிலீஸ் தேதி போடும், அந்தத் தேதிக்குப் பிறகு புதிய இடம் ஐ-20 கொடுக்கும். ஐந்து மாதத்துக்குள், அல்லது அடுத்து வரும் முதல் பருவத்திலேயே, வகுப்பில் இருக்க வேண்டும். ரிலீஸ் தேதி தாண்டிவிட்டால் பழைய அலுவலகத்தால் எதையும் திருத்த முடியாது, அதனால் போகும் இடம் உறுதியான பிறகே அந்தத் தேதியைக் கேளுங்கள். செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

தன் பெயர், உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த விடுவதற்குக் கிடைக்கும் என்.ஐ.எல். பணமும், பல்கலைக்கழகமே தரும் வருவாய்ப் பங்கும் எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்கு ஆபத்தான இடம். "எல்லாரும் வாங்குகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று அணியில் யாராவது சொல்வார்கள். சொல்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருப்பார். அவர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. போர்ட்டலில் பெயர் கொடுப்பது

போர்ட்டல் என்பது அணி மாற விரும்புவோரின் வெறும் கம்ப்யூட்டர் பட்டியல்தான். உங்கள் பிள்ளை கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு எழுத்தில் வேண்டுகோள் கொடுக்க வேண்டும், ஒரு சின்ன ஆன்லைன் பாடத்தையும் முடிக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வேலை நாட்களுக்குள் அவர்கள் பெயரை ஏற்றியே ஆக வேண்டும். கோச்சின் சம்மதம் தேவையில்லை. இருந்தாலும் கோச்சுக்கு நேரில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. மல்யுத்த உலகம் மிகச் சிறியது, பழைய கோச்சுக்குத் தெரியாத புதிய கோச் இருக்க மாட்டார்.

பெயர் கொடுக்கும் காலம் மார்ச் தேசியப் போட்டியை ஒட்டித் திறந்து, சில வாரங்களில் மூடிவிடும். எத்தனை நாள் என்பதை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆகவே இந்த வருடத் தேதியை ஜனவரியிலேயே வாங்கி வையுங்கள். பட்டம் முடித்தவர்களுக்குக் கெடு வேறு.

பொறிகள் மூன்று.

பெயர் கொடுத்த நிமிடத்திலிருந்து பழைய பல்கலைக்கழகம் அடுத்த பருவத்துக்கான உங்கள் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். "சும்மா போட்டுப் பார்ப்போம், யாரும் கூப்பிடாவிட்டால் திரும்பிவிடலாம்" என்பது நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஏற்பதும் ஏற்காததும் கோச்சின் விருப்பம்.

பெயர் ஏறுவதற்கு முன் வேறு பல்கலைக்கழகக் கோச்சுகள் உங்களோடு பேசக் கூடாது. நேரடியாகப் பேச மாட்டார்கள், ஆனால் கிளப் கோச் மூலமாக, பழைய பள்ளி நண்பன் மூலமாக "வந்தால் பார்த்துக்கொள்கிறோம்" என்று தூது வரும். எங்களுக்கும் வந்தது. அந்தத் தூதை நம்பி வேறு இரண்டு அணிகளுக்குப் பதில் எழுதாமல் இருந்தோம். பெயர் ஏறிய வாரத்தில் அந்த அணி வேறொரு 165 பையனை எடுத்துக்கொண்டது, எங்கள் போனைக்கூட எடுக்கவில்லை. எழுத்தில் வராத வாக்குறுதிக்கு மதிப்பே இல்லை.

மூன்றாவது சின்ன விஷயம். பதிவில் தரும் மின்னஞ்சல், கல்லூரி மின்னஞ்சலாக இருக்க வேண்டாம். ஜிமெயில் கொடுங்கள்.

6. போன் வரும்போதும் நேரில் போகும்போதும்

முதல் இரண்டு நாளில் வரும் அழைப்புகளில் பாதி விசாரிப்புதான். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: என்ன எடையில் என்னைப் பார்க்கிறீர்கள்? அந்த எடைக்கு வேறு யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? முதல் ஆளை ரெஸில்-ஆஃப் (அணிக்குள்ளேயே நடக்கும் தேர்வுப் போட்டி) வைத்து முடிவு செய்வீர்களா, கோச்சே முடிவெடுப்பாரா? எனக்குக் காயம் என்றால் அடுத்த வருட ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்?

பேசுவது பிள்ளையாக இருக்க வேண்டும். அப்பா அம்மா பேசினால் கோச்சுகளுக்குப் பிடிப்பதில்லை. பணம், படிப்பு பற்றிய போனில் மட்டும் நாம் சேர்ந்துகொள்ளலாம்.

அதிகாரபூர்வ விசிட் என்றால் பயணம், தங்கல், சாப்பாடு அவர்கள் செலவு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறை. ஸ்டேடியம், லாக்கர் ரூம் என்று சுற்றிக் காட்டி நேரத்தைக் கழித்துவிடுவார்கள். பயிற்சியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் பயிற்சிக் கூடச் சுவரில் எடை வாரியாகக் காந்தப் பட்டைகளில் பெயர்கள் ஒட்டியிருந்தன. என் மகனுடைய எடைக்குக் கீழே ஐந்து பெயர். கோச் போனில் சொன்னது இரண்டு. மற்ற மூவரும் "பக்கத்து எடைக்காரர்கள்" என்றார்.

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் போன பின் யார் தங்கி வேலை செய்கிறார்கள், அவர்களோடு எந்த உதவிக் கோச் நிற்கிறார் என்று கவனியுங்கள். இரண்டாம் ஆட்களை யாராவது கண்டுகொள்கிறார்களா என்பது அந்தக் கால் மணி நேரத்தில் தெரியும்.

7. பணக் காகிதம்

2024-ல், இந்த அணியில் சேர்கிறேன் என்று கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறை ஒழிந்துவிட்டது. இப்போது கையெழுத்தாவது நிதி உதவி ஒப்பந்தம். அதில் ஒரு வருடமா, பல வருடமா? டியூஷன் மட்டுமா, கட்டணங்கள், அறை, சாப்பாடு, புத்தகமும் உண்டா? கோடைக்கால வகுப்பு? இவற்றை வரி வரியாகப் படியுங்கள். அறைக்கும் உணவுக்கும் தரும் பகுதி வரிக்கு உட்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

"40 சதவீதம்" என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். வெளிமாநிலத்தில் வருடம் 60,000 டாலர் ஆகும் இடத்தில் 40 சதவீதம் கிடைத்தால் கையிலிருந்து 36,000. சொந்த மாநிலத்தில் 30,000 ஆகும் இடத்தில் ஒரு பைசா கிடைக்காவிட்டாலும் 6,000 மிச்சம். ஐவி லீக்கில் மல்யுத்த ஸ்காலர்ஷிப்பே கிடையாது, வருமானத்தைப் பொறுத்த உதவி மட்டும். இரண்டு பேரும் ஐ.டி.யில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது எவ்வளவு வரும் என்று அவர்கள் தளத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்பியவர்கள் புதிய பல்கலைக்கழகத்தின் குறியீட்டைச் சேர்க்க வேண்டும், உதவி தானாகப் பின்தொடராது. என்.ஐ.எல். ஒப்பந்தம் உண்டென்றால், 600 டாலருக்கு மேற்பட்டதை அத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்.ஐ.எல். கோ தளத்தில் பதிய வேண்டும். வரிக்கென்று மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

8. அட்மிஷன், டிரான்ஸ்கிரிப்ட், வீடு

கோச் "வா" என்றால் அட்மிஷன் ஆனது என்று பொருளில்லை. பல பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பக் கெடு மார்ச்சிலேயே வந்துவிடும், அதாவது போர்ட்டல் சூடு பிடிக்கும் முன்பே. விளையாட்டு வீரர்களுக்குத் தள்ளிக் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான்.

டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு ஆகும் செலவு சொற்பம், தடங்கல்தான் பெரிது. பார்க்கிங் அபராதம், நூலகப் பாக்கி, திருப்பித் தராத அணி ஜாக்கெட் என்று எதற்காவது கணக்கில் ஹோல்டு, அதாவது தடை, போட்டு வைத்திருப்பார்கள். பெயர் கொடுக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் மாணவர் கணக்கைத் திறந்து பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். வசந்தப் பருவ மதிப்பெண் வந்த பிறகு இறுதி டிரான்ஸ்கிரிப்ட்டை மறுபடி அனுப்ப வேண்டும். முதலில் அனுப்பியதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

செலவில் கண்ணுக்குத் தெரியாதது வீட்டு வாடகை. இரண்டாம் வருடப் பையன்கள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே அடுத்த வருடத்துக்கு 12 மாத லீஸ் போட்டுவிடுகிறார்கள். மாறினால் இரண்டு ஊரிலும் வாடகை. மாறும் யோசனை இருக்கும் வருடத்தில் சப்லீஸுக்கு அனுமதி தரும் வீட்டில் மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

மருத்துவ ஆவணங்களையும் பழைய டிரெய்னர் அறையிலிருந்து வாங்கிவிடுங்கள்: எம்.ஆர்.ஐ. படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், கன்கஷன் பதிவு, சிக்கிள் செல் பரிசோதனை முடிவு.

9. போய்ச் சேர்ந்த பிறகு

இலையுதிர் காலத்தில் எடைச் சான்று. முதலில் சிறுநீர் அடர்த்தி 1.020-க்குள் இருக்க வேண்டும், அப்புறம் கொழுப்பு அளவு எடுத்து, 5 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி குறைந்தபட்ச எடையை நிர்ணயிப்பார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது. கோடை முழுக்க வீட்டு இட்லி, பிரியாணி என்று 180-க்கு ஏறிவிட்டு, கோச்சிடம் 157 என்று வாக்குக் கொடுத்திருந்தால் கணக்கு இடிக்கும். ஆகஸ்ட்டில் எத்தனை பவுண்டில் வர வேண்டும் என்று மே மாதமே கேட்டு, அதை வைத்துச் சமையுங்கள்.

மகளுக்காகப் படிப்பவர்களுக்கு: பெண்கள் மல்யுத்தத்தை என்.சி.ஏ.ஏ. தனித் தேசியப் போட்டியாக 2025 ஜனவரியில் அங்கீகரித்தது. புதிய அணிகள் தொடங்கிக்கொண்டே இருப்பதால் எடைக்கு ஆள் தேடும் கோச்சுகள் அங்கே அதிகம், பேரம் பேச உங்களுக்கு இடம் உண்டு.

செப்டம்பர் பில்லில் மாணவர் மருத்துவக் காப்பீடு என்று சில ஆயிரம் டாலர் தானாக ஏறியிருக்கும். உங்கள் ஆபீஸ் காப்பீட்டிலேயே பிள்ளை இருந்தால், வேவர் படிவத்தைக் கெடுவுக்குள் நிரப்பி அதை எடுத்துவிடுங்கள். கெடு தாண்டினால் அந்தப் பருவத்துக்குப் பணம் திரும்பாது.